எண்ணெய் வேறு, ஈரம் வேறு: முகத்தோலை அறிவோம்

ஒட்டாத உறவைச் சொல்ல வேண்டுமென்றால் ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்று சொல்வது நம் வழக்கம். ஒன்றோடொன்று கலக்காத இந்த இரண்டும் பிறந்த நாள் முதல் நம் முகத்தில் சேர்ந்தே வாழ்கின்றன. ஆயினும் முகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். “முகத்தில் எண்ணெய் வடிகிறது, இதற்கு எதற்குக் கிறீம்?” என்கிறார் ஒரு தோழி. “முகம் காய்ந்து கிடக்கிறது, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவு” என்கிறார் வீட்டில் மூத்தவர். முன்னவர் எண்ணெய் இருந்தால் ஈரமும் இருக்கும் என்று நினைக்கிறார். பின்னவர் எண்ணெய் வைத்தால் ஈரம் வந்துவிடும் என்று நினைக்கிறார். இரண்டு எண்ணமும் பிழையானவை.

அன்புத் தோழியரே, இது வெறும் அழகுக் குறிப்பு அன்று. இந்தக் குழப்பத்தால்தான் பருவ வயதுப் பெண்கள் பலர் முகத்தைச் சவர்க்காரத்தால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அதன்பின் அந்தப் புண்ணை மறைக்க, பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக் கிறீம்களை வாங்கிப் பூசுகிறார்கள். அந்த டப்பாக்களில் சிலவற்றுக்குள் இருப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கும் இரசம். ஆகவே எண்ணெய் என்றால் என்ன, ஈரம் என்றால் என்ன, நம் முகத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம்.

தோல் என்னும் மதில்

நம் தோலின் மேற்பகுதியை மேற்றோல் என்கிறோம். அதன் வெளி விளிம்பில் இறந்த கலங்கள் பதினைந்து, இருபது அடுக்குகளாகத் தட்டையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் படையின் தடிப்பு நாம் எழுதும் கடதாசியின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஆனால் வெளியுலகுக்கும் நம் உடலுக்கும் நடுவே நிற்கும் மதில் இதுதான்.

இந்தப் படையை விஞ்ஞானிகள் செங்கல்லும் சாந்தும் கொண்ட சுவருக்கு ஒப்பிடுவார்கள். இறந்த கலங்கள் செங்கற்கள். அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புகள் சாந்து. அந்தச் சாந்தில் ஏறத்தாழப் பாதி செரமைட்டு எனப்படும் கொழுப்பு. மீதியில் பெரும்பங்கு கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும். சாந்து கெட்டியாக இருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறாது, வெளியிலிருந்து கிருமியும் இரசாயனமும் எளிதில் நுழையாது. சாந்து கரைந்தால் இரண்டும் நடக்கும்.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சாந்துக் கொழுப்பை உண்டாக்குபவை மேற்றோலின் கலங்கள். முகத்தில் பளபளக்கும் எண்ணெய் வேறோர் இடத்திலிருந்து வருவது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

மயிர்த்துளைகளின் பக்கத்தில் நெய்ச்சுரப்பிகள் உள்ளன. முகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 400 முதல் 900 வரையான நெய்ச்சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் முகம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும்போதே விரல்கள் வெடித்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஆளின் உடலில் ஓரிடம் எண்ணெய் மிகுந்தும் இன்னோரிடம் எண்ணெயே இல்லாமலும் இருக்கிறது.

முகத்திலும் இதே நிலைதான். நெற்றி, மூக்கு, நாடி ஆகிய மூன்றிலும் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. கன்னங்களில் அவ்வளவு இல்லை. நெற்றிக்குக் குறுக்கே ஒரு கோடும், மூக்கு வழியாக நாடிவரை ஒரு கோடும் இட்டால் வரும் பகுதியே எண்ணெய் மிகுந்த பகுதி.

இந்தச் சுரப்பிகளை ஆட்டுவிப்பவை ஓமோன்கள். சிறுபிள்ளைகளின் முகத்தில் எண்ணெய் குறைவு. பருவமடையும் காலத்தில் ஆண்பால் ஓமோன்கள் எனப்படும் அந்திரஜன்கள் பெண்களின் உடலிலும் கூடுவதால் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. பதின்மூன்று, பதினான்கு வயதில் முகம் திடீரென எண்ணெய் வடிவதும் பரு வருவதும் அசுத்தத்தின் அடையாளம் அல்ல, வளர்ச்சியின் அடையாளம். எத்தனை முறை கழுவினாலும் சுரப்பி நின்றுவிடாது. துடைத்தெடுத்த எண்ணெய் சில மணி நேரத்தில் மீண்டும் நிறைந்துவிடும்.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. தோலின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடும்போது வெளிவரும் எண்ணெய் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்று 1970 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நண்பகலில் முகம் அதிகம் பிசுபிசுப்பது வெறும் தோற்றம் அல்ல.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஈரம் என்று நாம் சொல்வது அந்த மதிலின் செங்கற்களுக்குள் தங்கியிருக்கும் நீரை. அது உடலின் உள்ளிருந்து மெல்ல மேலேறி வருகிறது. உள்ளே செல்லச் செல்ல நீரின் அளவு கூடும், வெளி விளிம்பில் குறையும். வெளிப்படையில் நீர் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் இறுகும், செதிலாக உரியும், சிரித்தால் இழுக்கும்.

ஒரு காலத்தில் தோல் மென்மையாக இருப்பதற்கு எண்ணெயே காரணம் என்று மருத்துவர்களும் நம்பினார்கள். 1952 இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் ஓர் எளிய பரிசோதனையை வெளியிட்டார். காய்ப்புத் தோலின் துண்டுகளை நன்றாக உலர்த்தினார். அவை மடக்கினால் ஒடியும் நிலைக்கு வந்தன. அவற்றை எண்ணெய்களில் ஊறவைத்தபோது அவை வளையவில்லை. நீரைப் பெற்றபோது வளைந்தன. தோலை இளக்குவது நீர், எண்ணெய் அல்ல என்பது அன்று தெளிவானது. எண்ணெய்க்கு உரிய வேலை, வந்த நீரை வெளியேறாமல் காப்பது. உலர்ந்த தோலில் நேரடியாக எண்ணெய் தடவுவது வெறும் குடத்துக்கு மூடி போடுவது போன்றது.

அந்த நீரைப் பிடித்து வைப்பவை செங்கற்களுக்குள் இருக்கும் சில பொருள்கள். அமினோ அமிலங்கள், லக்டிக் அமிலத்தின் உப்புகள், யூரியா முதலியன அவற்றில் அடங்கும். இவற்றை இயற்கை ஈரங்காப்பிகள் என்று சொல்லலாம். இவை நீரில் கரையக்கூடியவை. அடிக்கடி நீரில் ஊறினால் இவையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. நிவித்திகலைச் சுற்றிய மாணிக்கக்கல் குழிகளில் இறங்குபவர்கள் நாள் முழுவதும் நீரில் நிற்பவர்கள். ‘இல்லம்’ என்ற மாணிக்கச் சரளையைக் கூடையில் இட்டு நீரில் அலசுபவர்களும் அப்படியே. நீரிலேயே வேலை செய்யும் இவர்களின் கைகால் தோல் ஈரமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் வேலை முடிந்து காய்ந்ததும் அது வறண்டு வெடிக்கிறது. நீர் வந்து போகும்போது ஈரங்காப்பிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. மேலே நீர் இருப்பது வேறு, உள்ளே ஈரம் நிற்பது வேறு.

ஈரம் போகும் விதத்தை அறியத் தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். பறித்த கொழுந்தின் நிறையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர்தான். அதை வாட்டுத் தட்டுகளில் பரப்பிக் காற்றைச் செலுத்துகிறார்கள். சில மணி நேரத்தில் இலை துவண்டுவிடுகிறது. காற்று உலர்ந்ததாகவும் வேகமாகவும் இருந்தால் இலை சீக்கிரம் வாடும். நம் முகத்திலும் இதுதான் நிகழ்கிறது. மின்விசிறிக்கு நேரே உறங்குவது, குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் இருப்பது, ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் காற்று வாங்குவது எல்லாம் முகத்தை வாடப் போடுவதே.

அளந்து பார்க்க முடியுமா?

முடியும். தோல் ஆய்வுகூடங்களில் எண்ணெய்க்கு ஒரு கருவி, ஈரத்துக்கு வேறொரு கருவி இருக்கின்றன. இரண்டையும் ஒரே கருவியால் அளக்க முடியாது என்பதே இரண்டும் வெவ்வேறு என்பதற்குச் சான்று.

எண்ணெயை அளக்கும் கருவியின் பெயர் செபுமீற்றர். அதன் தத்துவம் நமக்குத் தெரிந்ததுதான். கடையில் வடை சுற்றித் தரும் கடதாசியில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதைப் பார்த்திருப்பீர்கள். நார்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறாமல் கடந்து போகிறது. செபுமீற்றரில் உள்ள மங்கலான நாடாவை 30 செக்கன் நெற்றியில் அழுத்துவார்கள். எண்ணெய் பட்ட அளவுக்கு அது தெளியும். கடந்து செல்லும் ஒளியை அளந்து, ஒரு சதுர சென்ரிமீற்றரில் எத்தனை மைக்கிரோகிராம் எண்ணெய் என்று கணக்கிடுவார்கள். அக்கருவியைச் செய்யும் ஜேர்மன் நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, நெற்றி மூக்குப் பகுதியில் 100 இற்குக் குறைந்தால் எண்ணெய் குறைவு, 100 முதல் 220 வரை இயல்பு, 220 ஐத் தாண்டினால் எண்ணெய் மிகுதி. கன்னத்துக்கு இந்த எல்லைகள் 70, 180 எனக் குறைகின்றன. ஒரே முகத்துக்கு இரண்டு அளவுகோல் வேண்டியிருக்கிறது.

ஈரத்தை அளக்கும் கருவி கோர்னியோமீற்றர். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். அது ஒரு கொள்ளளவி. கொள்ளளவியின் தகடுகளுக்கு இடையே நீர் இருந்தால் அதன் கொள்ளளவம் வெற்றிடத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 80 மடங்கு ஆகும். எண்ணெய் இருந்தால் இரண்டு அல்லது மூன்று மடங்குதான். எனவே தோலில் வைத்தவுடன் அது நீரை மட்டுமே பெரிதாகக் காட்டும், எண்ணெயை ஏறக்குறையப் பொருட்படுத்தாது.

நமக்கு இக்கருவிகள் தேவையில்லை. ஒரு விடுமுறை நாளின் காலையில் மென்மையான கழுவியால் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, எதையும் பூசாமல் நிழலில் ஒரு மணி நேரம் இருங்கள். பின்னர் மெல்லிய திசுக் கடதாசித் துண்டுகளை நெற்றி, மூக்கு, நாடி, இரு கன்னங்கள் என்று தனித்தனியே அழுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த பொட்டுகள் எண்ணெயைக் காட்டும். இது எண்ணெய்க்கான சோதனை. ஈரத்துக்கு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். கழுவியபின் முகம் இறுகுகிறதா? வாயைச் சுற்றியும் கன்னத்திலும் மெல்லிய செதில் தெரிகிறதா? கன்னத்தை விரலால் மெல்லத் தள்ளினால் நுண்ணிய கோடுகள் தோன்றுகின்றனவா? ஆம் என்றால் ஈரம் குறைவு.

வியர்வை இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வியர்த்த முகமும் பளபளக்கும். உடல் ஆறிய பிறகே பார்க்க வேண்டும்.

முகத்தோலின் வகைகள்

தோலை உலர்ந்தது, எண்ணெய்த்தன்மையானது, இயல்பானது என்று பிரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஹெலீனா ரூபின்ஸ்டீன். போலந்தில் பிறந்து, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கடை திறந்து, பின் உலகெங்கும் அழகுசாதன வணிகம் செய்தவர். நூறு ஆண்டுகளாக நாம் அந்தப் பிரிவையே பயன்படுத்துகிறோம். அதில் எண்ணெயும் உலர்வும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைக்கப்பட்டிருப்பதுதான் குறை. எண்ணெய்க்கு ஒரு கோடும் ஈரத்துக்கு ஒரு கோடும் தனித்தனியே போட்டால் படம் தெளிவாகும்.

எண்ணெயும் ஈரமும் அளவாக இருந்தால் அது இயல்பான தோல். கழுவினாலும் இறுகாது, நண்பகலிலும் வடியாது. இவர்கள் அதிகம் எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது.

எண்ணெய் மிகுந்து ஈரமும் போதியதாக இருந்தால் அது எண்ணெய்த்தோல். துளைகள் பெரிதாகத் தெரியும், கரும்புள்ளியும் பருவும் வரும்.

எண்ணெய் மிகுந்து ஈரம் குறைந்திருந்தால் அதுவே பலருக்கு விளங்காத வகை. முகம் பளபளக்கும், ஆனால் உள்ளே இறுகும். நெற்றியில் எண்ணெய், மூக்கோரத்தில் செதில். இந்த நிலை பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்வது. எண்ணெயைப் போக்குகிறேன் என்று கடுமையாகத் தேய்த்து, மதிலின் சாந்தைக் கரைத்து, உள்ளிருந்த நீரைப் போகவிட்டதன் விளைவு அது.

இரண்டும் குறைந்திருந்தால் உலர்தோல். துளைகள் தெரியாது, பார்க்க மெல்லியதாக இருக்கும், எளிதில் அரிக்கும், சிவக்கும். வயது செல்லச் செல்ல இது கூடும்.

எண்ணெய் குறைவாயினும் ஈரம் போதியதாக உள்ளவர்களும் உண்டு. ஈரங்காப்பிகளும் சாந்தும் நன்றாக இருந்தால் சுரப்பி எண்ணெய் குறைந்தாலும் தோல் வாடாது. சிறுபிள்ளைகளின் கன்னங்களைப் பாருங்கள். எண்ணெய் இல்லை, ஆனால் எவ்வளவு மென்மை!

கலப்புத்தோல் என்பது நெற்றி, மூக்கு, நாடியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி. நம்மில் மிகப் பலர் இந்த வகையே. இவர்கள் முகம் முழுவதற்கும் ஒரே பொருளைத் தேய்ப்பதால்தான் ஓரிடத்தில் நன்மையும் ஓரிடத்தில் தீமையும் விளைகின்றன.

அமெரிக்கத் தோல் மருத்துவர் லெஸ்லி போமன் எண்ணெயோடு உணர்திறன், நிறமி, சுருக்கம் ஆகியவற்றையும் சேர்த்துத் தோலைப் பதினாறு வகையாகப் பிரித்தார். நமக்குப் பதினாறும் வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும்: எண்ணெய் எவ்வளவு? ஈரம் எவ்வளவு?

நம் ஊரின் காற்றும் நம் வாழ்க்கையும்

இரத்தினபுரியைச் சுற்றிய பகுதி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெறும் ஈரவலயம். தேயிலையும் இறப்பரும் ஒருசேர வளரும் இந்தத் தாழ்நிலத்தில் காற்றின் ஈரப்பதன் எப்போதும் அதிகம். ஆகவே வியர்வை எளிதில் உலர்வதில்லை. அது எண்ணெயோடு சேர்ந்து முகத்தில் படிந்து நிற்கிறது. நாம் ‘எண்ணெய்’ என்று நினைப்பதில் ஒரு பங்கு வியர்வை. அதற்குச் சவர்க்காரம் தேவையில்லை, வெறும் நீர் போதும்.

இதே பெண் நுவரெலியாவின் குளிர்க் காற்றுக்குப் போனால், கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தால், மத்திய கிழக்கின் பாலை வெப்பத்துக்குச் சென்றால் முகம் வேறாகிவிடும். சுரப்பி அதேதான். ஈரம் போகும் வேகம் மாறிவிட்டது. தோல் வகை என்பது பிறப்புச் சான்றிதழில் எழுதிய பெயர் போல மாறாதது அன்று. பருவம், இடம், தொழில் மாறும்போதெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டியது.

ஐவேளை வுழூச் செய்யும் நாம் நாளொன்றுக்குப் பல முறை முகம் கழுவுகிறோம். நீர் மட்டும் எண்ணெயை அதிகம் எடுப்பதில்லை, வியர்வையையும் தூசியையும் நீக்கிவிடும். ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தையும் சேர்ப்பதில்தான் கேடு. காலையில் ஒரு முறை, மாலையில் வீடு வந்ததும் ஒரு முறை கழுவி போதும். மற்ற நேரங்களில் நீரே போதுமானது. முகத்தைத் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரக்கிறீமை இஷாவுக்குப் பின் உறங்கப்போகுமுன் பூசினால் அது இரவு முழுவதும் கழுவுப்படாமல் வேலை செய்யும்.

ஸ்கார்ஃபின் விளிம்பு உரசும் நெற்றி ஓரத்திலும் நாடியின் கீழும் சிலருக்குச் சிறு பருக்கள் வரும். உரசலும் வியர்வையும் சேர்ந்து துளைகளை அடைப்பதே காரணம். பருத்தித் துணி, இறுக்கமற்ற ஊசி, தினமும் மாற்றுதல், சலவைத்தூள் தங்காதவாறு நன்றாக அலசுதல் ஆகிய நான்கும் எந்தக் கிறீமையும்விட அதிகம் உதவும்.

எதைப் பூசுவது? எதைத் தவிர்ப்பது?

இறப்பர் பாலை எண்ணிப் பாருங்கள். மரத்தில் வெட்டிய பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே இறப்பர், மீதி பெரும்பாலும் நீர். நீரில் கரையாத இறப்பர் நுண்துணிக்கைகளாக மிதக்கிறது. முகத்துக்குப் பூசும் கிறீமும் லோஷனும் இப்படியானவைதான். நீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்குமாறு, அவற்றைப் பிரியவிடாத ஒரு பொருளையும் சேர்த்துச் செய்யப்பட்டவை. நீரும் எண்ணெயும் ஒரே டப்பாவில் வருவதால்தான் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

அதிலுள்ள பொருள்களுக்கு மூன்று வேலைகள் உண்டு. கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடிக்கும். சில எண்ணெய்களும் கொழுப்புகளும் செதில்களுக்கு இடையே நிரம்பி மழமழப்பாக்கும். வஸ்லின் போன்றவை மேலே மூடி நீரைத் தடுக்கும். 1872 இல் ரொபேர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்ற அந்த வஸ்லின்தான் இன்றும் மலிவான, வலிய மூடி.

எண்ணெய் மிகுந்த முகத்துக்கும் ஈரம் வேண்டும். ஆனால் மூடி வேண்டாம். கிளிசரின் கலந்த, எண்ணெய் குறைந்த மெல்லிய லோஷன் போதும். உலர்ந்த முகத்துக்கு மூன்றும் வேண்டும். கழுவிய ஓரிரு நிமிடத்தில், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். கலப்புத்தோல் உள்ளவர் கன்னத்துக்குச் சற்றுத் தடிப்பாகவும் நெற்றிக்கு மெல்லியதாகவும் பூசலாம்.

சவர்க்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மையானது. அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5. சாதாரணச் சவர்க்காரத்தின் பெறுமானம் 9 முதல் 10 வரை. துணி துவைக்கும் சவர்க்காரம் அதைவிடக் கடுமையானது. கழுவியபின் முகம் ‘கிரீச்’ என்று சத்தமிட்டால் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். அது சாந்து போன சத்தம்.

தேசிக்காய்ச் சாறு மறுபக்கத்துக் கடுமை. அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 2. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடக்கூடும். பற்பசையும் அப்பச்சோடாவும் முகத்துக்கு உரியவை அல்ல. தேங்காயெண்ணெய் கைகாலுக்கு நல்லது. உலர்ந்த, பருவில்லாத தோலுக்குக் குளித்த ஈரத்தின் மேல் சிறிது தடவலாம். பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கும்.

பருவைக் கிள்ளாதீர்கள். வடு தங்கும். பரு கடுமையாக இருந்தால் அரசாங்க வைத்தியசாலைகளில் தோல் நோய் நிபுணரைக் கட்டணமின்றிக் காணலாம். டப்பாக் கிறீமுக்குக் கொடுக்கும் பணத்தில் பஸ் கட்டணம் போக மிச்சமே இருக்கும்.

பொலிவும் வெண்மையும்

இப்போது இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ஆபத்துக்கு வருவோம். எண்ணெய், ஈரம் என்ற இரண்டு கோடுகளில் எதிலும் நிறம் இல்லை. நிறம் மெலனின் என்னும் நிறமியால் வருவது. கறுத்த தோலும் வெளுத்த தோலும் எண்ணெயாகவும் இருக்கலாம், உலர்ந்தும் இருக்கலாம். ஆனால் விளம்பரங்கள் பொலிவையும் வெண்மையையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றன.

அந்த மயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஈரம் குறைந்த தோலில் நுண்ணிய செதில்கள் எழுந்து ஒளியைச் சிதறடிக்கும். மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்தது போலத் தெரியும். சாதாரண ஈரக்கிறீம் பூசியதும் செதில்கள் படிந்து ஒளி சீராகத் திரும்புகிறது. முகம் ‘தெளிந்து’ தோன்றுகிறது. அது வெண்மை அன்று, ஈரம். அதை மலிவான கிளிசரின் லோஷனே தரும்.

ஆனால் சில கிறீம்கள் ஓரிரு வாரத்தில் உண்மையிலேயே நிறத்தை வெளுக்க வைக்கின்றன. அவற்றில் இரசச் சேர்வைகள் இருக்கக்கூடும். இரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் சேதப்படுத்தும், நரம்புகளைப் பாதிக்கும். கர்ப்பிணித் தாய் பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆவியாகப் பரவுவதால் அந்த வீட்டில், பூசாத குழந்தையின் உடலிலும் சேரும். வேறு சில கிறீம்களில் கடுமையான ஸ்டீரொயிட்டுகள் கலக்கப்படுகின்றன. தொடக்கத்தில் முகம் அழகாகும், பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பரு பெருகும், நிறுத்தினால் முகம் எரியும். மதிலின் சாந்தைக் கரைத்து வைத்திருப்பவர்களின் தோல் இந்த நஞ்சுகளை இன்னும் எளிதாக உள்ளே விடும்.

இது எங்கோ நடப்பது அல்ல. இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. அழகுசாதனப் பொருள்களில் ஒரு கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இரசம் இருக்கக்கூடாது என்பது அதன் முந்தைய எல்லை. 2023 இல் கூடிய மாநாடு அந்த எல்லையையும் நீக்கி, இரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025 இன் பின் முற்றாக நிறுத்தத் தீர்மானித்தது. அதே 2023 பெப்ரவரியில், தோல் வெளுக்கும் பொருள்களிலிருந்து இரசத்தை ஒழிக்கும் 14 மில்லியன் டொலர் திட்டம் ஒன்று மூன்று நாடுகளில் தொடங்கப்பட்டது. அவை காபோன், ஜமைக்கா, இலங்கை. உலகில் மூன்று நாடுகளைத் தெரிந்தபோது அதில் ஒன்று நம் நாடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயரும் முகவரியும் உண்டா? சேர்ந்த பொருள்களின் பட்டியல் உண்டா? தொகுதி இலக்கம், காலாவதித் திகதி உண்டா? பட்டியலில் ‘மேர்கியூரி’, ‘மேர்கியூரிக்’, ‘கலோமெல்’ என்ற சொற்கள் உண்டா? பொன், வெள்ளி நகைகளில் படவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை இருந்தால் அது இரசத்தின் அடையாளமாக இருக்கக்கூடும், தொடாதீர்கள். ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று வட்ஸ்அப்பில் விற்கும் பெயரில்லாக் கலவையை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசி வருபவர்கள் வைத்தியரிடம் அந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீரொயிட்டு கலந்ததை எப்படி விடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

தோழியரே, பதினாறு வயதில் முகம் எண்ணெய் வடிவது இயற்கை. மழைக்காலத்தில் பிசுபிசுப்பதும் மலைக்காற்றில் இறுகுவதும் இயற்கை. இவற்றில் எதுவும் குற்றமன்று, நோயுமன்று. எண்ணெய் மிகுந்தால் மென்மையாகக் கழுவுங்கள், ஈரம் குறைந்தால் ஈரம் கொடுங்கள். நிறத்தை அதன் போக்கில் விடுங்கள். வீட்டில் ஒரு தங்கைக்கோ, லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இந்த வேறுபாட்டை நீங்கள் விளக்கிச் சொன்னால், ஒரு முகம் புண்ணாகாமல் தப்பும். சில வேளை ஒரு சிறுநீரகமும் தப்பும்.